பூவின் விலை பூக்கும் முன்பே தீர்மானமாகிறது

பெப்ரவரி 13ஆம் திகதி ரோஜாவின் விலையைக் கேட்டுவிட்டுச் செய்கையாளரைத் திட்டுகின்ற வியாபாரிகளை ஆண்டுதோறும் காண்கிறோம். "போன மாதம் ஒரு விலை, இன்று ஒரு விலையா?" என்பதே அவர்களது முறைப்பாடு. வெட்டுப்பூ மொத்த வியாபாரத்தில் பல வருடங்களாக இருப்பவன் என்ற வகையில் எனது பதில் இதுதான்: அந்த விலை டிசம்பரிலேயே தீர்மானமாகிவிட்டது.

ரோஜாச் செடியின் கிளையை வெட்டிவிட்டால் அடுத்த பூ அறுவடைக்கு வர ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை எடுக்கும். பெப்ரவரி 14க்குப் பூ வேண்டுமானால் டிசம்பர் நடுப்பகுதியளவில் செடியை வெட்டியிருக்க வேண்டும். போதாததற்கு ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும். குளிர் கூடினால் மொட்டு தாமதிக்கும். கேள்வி உச்சத்துக்கு ஏறும்போது நிரம்பல் குறைகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

பூவை அரிசி, பருப்பைப் போலக் களஞ்சியத்தில் பூட்டி வைக்கவும் முடியாது. ரோஜாவை 2, 3 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். அதே அறையில் அந்தூரியத்தையோ ஓர்கிட்டையோ வைத்தால் கருகிவிடும். சுமார் 12 பாகைக்குக் கீழே அவற்றுக்கு ஆகாது. குளிரறைகளும் விமானங்களும் கைவசமுள்ள நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலச் சந்தையிலேயே, கொரோனா பரவிய 2020 மார்ச்சில் வாங்க ஆளின்றிப் பெருந்தொகைப் பூக்களை அழித்தார்கள். மலிவில் வாங்கிச் சேர்த்து வைத்து விற்கும் சாமர்த்தியம் இந்த வியாபாரத்தில் செல்லாது.

ஆனால் எப்போது விலை ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம். நமது நாட்டில் பூ வியாபாரி மூன்று நாட்காட்டிகளைப் பார்க்க வேண்டும். பெப்ரவரி 14உம் நத்தாரும் அசையாதவை. வெசாக் பூரணையோடு நகரும். நமது திருமணங்கள் ஹிஜ்ரி ஆண்டோடு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் வரும். ரமழானில் மண்டபங்கள் ஓய்ந்திருக்கும். பெருநாள் கழிந்ததும் ஓடர்கள் குவியும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் ஆரம்பமாகும். அந்த வருடத் திருமணக் கணக்கை இன்றே போட்டுப் பார்க்கலாம். பிறகு எப்படி "எதிர்பாராத விலையேற்றம்" என்கிறோம்?

மந்த காலத்தில் செய்கையாளரின் கழுத்தைப் பிடித்து விலையைக் குறைத்துவிட்டு, சீசனில் அவரிடம் தயவை எதிர்பார்ப்பதுதான் நமது பிழை. ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். மந்த காலத்தில் ஒரு ரோஜா 40 ரூபா, சீசனில் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 48 வாரங்களுக்கு வாரம் 200 பூவை 50 ரூபாப்படியும், சீசனின் நான்கு வாரங்களில் வாரம் 400 பூவை 90 ரூபாப்படியும் எடுப்பதாகப் பேசி எழுதிக்கொள்கிறீர்கள். மந்த காலத்தில் கூடுதலாகக் கொடுத்தது 96,000 ரூபா. சீசனில் மிச்சமானதும் அதே 96,000 ரூபாதான்.

அப்படியானால் லாபம் எங்கே? மந்த காலத்தில் செய்கையாளருக்கு உரத்துக்கும் கூலிக்கும் காசு கிடைக்கிறது. அவர் செடியைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போட மாட்டார். மற்றவர்கள் பூவுக்கு அலையும் நாளில் உங்கள் கையில் பூ இருக்கும். கல்யாண வீட்டாருக்கு மூன்று மாதம் முன்பே ஒரு விலையைச் சொல்லி, அந்த விலையிலேயே நிற்கலாம். வாடிக்கையாளர் அடுத்த கல்யாணத்துக்கும் உங்களிடமே வருவார்.

நமது மார்க்கத்தில் ஸலம் என்ற ஒப்பந்தமும் உண்டு. இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைத் திட்டமாகக் குறித்து, முழுத் தொகையையும் முன்னரே கொடுத்து வாங்குவது அது. மதீனாவில் பேரீச்சம்பழ வியாபாரத்தில் நடைமுறையில் இருந்த முறை. நிபந்தனைகளை உலமாக்களிடம் கேட்டறிந்து செய்யலாம். சிறிய முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சில் விடுவது ஸலம் ஆகாது.

செய்கையாளரிடமும் ஒரு வார்த்தை. பேசிய பூவைக் கடைசி நாளில் கூடிய விலைக்கு வேறொருவரின் லொறியில் ஏற்றுவது ஒரு நாள் லாபம். அடுத்த ஜூலையில் உங்கள் பூவை எடுக்க யார் வருவார்? விலைத் தளம்பலை நம்மால் நிறுத்த முடியாது. அதன் சுமையை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளலாம். வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே போங்கள், உட்கார்ந்து பேசுங்கள், பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்.