விமானி வாட்சுக்கு வெள்ளை அடிக்காதீர்கள்!

கிணத்துக்கடவில் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் காலமாகி 30 நாள் கழித்துப் பீரோவைத் திறக்கிறார்கள். மடித்து வைத்த வேட்டிக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்! கறுப்பு முகம். கொட்டை எழுத்தில் வெள்ளை எண்கள். கண்ணாடியில் கீறல். சாவி கொடுத்தால் நாலு நிமிடம் ஓடுகிறது. பிறகு நின்றுவிடுகிறது.

"வித்துப் போடலாங்க" என்கிறான் மூத்த மகன்.

"புது பெயிண்ட் அடிச்சு நானே கட்டிக்கிறேன்" என்கிறான் இளையவன்.

"அப்பா கையில இருந்தது. யாரும் தொட வேண்டாம். பீரோவிலேயே இருக்கட்டும் சாமி" என்கிறார் தாயார்.

மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மூவரும் கடிகாரத்துக்குக் கெடுதல்தான் செய்யப் போகிறார்கள். விவரம் தெரியாமல் விற்பவர் ஏமாறுவார். பெயிண்ட் அடிப்பவர் அதன் மதிப்பை அழிப்பார். பூட்டி வைப்பவர் அதைச் சாகடிப்பார்.

விமானிக்கு ஏன் தனி வாட்ச்?

பிரேசில் நாட்டுக்காரர் சான்டோஸ் டுமான்ட். பாரிஸ் நகரத்து வானில் பறந்து புகழ் பெற்றவர். பறக்கும்போது இரண்டு கைகளும் விசைகளைப் பிடித்திருக்கும். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை. தன் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் குறையைச் சொன்னார். அவர் நகை வியாபாரி. 1904-ம் ஆண்டு கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். விமானி வாட்சின் கதை அங்கே தொடங்குகிறது.

பிறகு வந்தவை பலே கடிகாரங்கள்! 1950-களில் சுவிட்சர்லாந்தின் பிரைட்லிங் கம்பெனி "நாவிடைமர்" என்ற வாட்சை வெளியிட்டது. அதன் விளிம்பைத் திருப்பியே வேகம், தூரம், எரிபொருள் செலவு எல்லாவற்றையும் கணக்குப் போடலாம். பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ரோலெக்ஸ் கம்பெனி செய்த "ஜி.எம்.டி. மாஸ்டர்" ஒரே முகத்தில் இரண்டு ஊர் நேரத்தைக் காட்டியது.

நம் நாட்டு வாட்சும் உண்டு. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. அந்த நிறுவனம் செய்த "பைலட்" சாவி கொடுக்கும் கடிகாரம். விமானத்தையே தொடாத வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் அதை ஆசையாகக் கட்டினார்கள். 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. அதன் பிறகுதான் பலருக்கு அந்த வாட்சின் மேல் ஆசை அதிகமானது. இருக்கும்போது யாருக்கும் அருமை தெரியவில்லை!

ஒரு சொட்டு எண்ணெய்

"பைலட்" கடிகாரத்தின் உள்ளே ஆடும் சக்கரம் நொடிக்கு 5 முறை டிக் அடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஒரு வருஷத்துக்கு 15 கோடிக்கு மேல்! கிணற்று மோட்டார்கூட இப்படி ஓய்வில்லாமல் உழைக்காது.

தேய்மானத்தைக் குறைக்க உள்ளே 17 கற்கள் உண்டு. "அவை வைரமாம்" என்று ஊரில் சொல்வார்கள். வைரம் அல்ல. தொழிற்சாலையில் செய்த செயற்கைக் கெம்பு. விலை சொற்பம். கல்லுக்காகக் கடிகாரத்தை உடைத்தவர்களுக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

கல்லை விட முக்கியம் எண்ணெய். ஊசி முனையில் எடுத்து வைக்கும் சிறு சொட்டு அது. கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளில் அது காய்ந்து பிசினாகிவிடும். பிசினோடு கடிகாரத்தை ஓடவிட்டால் இரும்பை இரும்பு தின்னும். ஆகையால், பெரியவரின் வாட்சுக்கு மகன் வேகவேகமாகச் சாவி கொடுத்துப் பார்க்கிறானே, அதுதான் முதல் தப்பு. முதலில் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். பிறகு நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை அதையே செய்ய வேண்டும்.

கிணத்துக்கடவுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அது காற்று! பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வீசும் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வாட்சில் திருகுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் இற்றுப் போயிருக்கும். புழுதி அதன் வழியே நுழையும். வியர்வையும் நுழையும். "வாட்டர் புரூப்" என்று முதுகில் எழுதியிருக்கிறதே என்று தொட்டித் தண்ணீரில் கையை விடாதீர்கள். அது அந்தக் காலத்து வாக்குறுதி.

காந்தம் மற்றொரு எதிரி. ஒலிபெருக்கி, செல்போன் உறையில் இருக்கும் காந்தம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் முடி போன்ற சுருள்கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் திடீரென்று நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். பயப்பட வேண்டாம். காந்தம் நீக்கும் சிறு கருவி கடைக்காரரிடம் இருந்தால் சில விநாடிகளில் சரியாகிவிடும்.

முகத்தில் கை வைக்கலாமா?

கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். மங்கிய முகத்தை மங்கலாகவே விட வேண்டும். உள்ளே சுத்தம் செய்யுங்கள். வெளியே பளபளப்பு ஏற்றாதீர்கள். கேஸைப் பாலிஷ் போட்டால் அதன் கூர்மையான விளிம்பெல்லாம் மழுங்கும். போன விளிம்பு திரும்பாது.

மார்லன் பிராண்டோ என்ற ஹாலிவுட் நடிகர் "அபாகலிப்ஸ் நவ்" என்ற படத்தில் தன் சொந்த ஜி.எம்.டி. மாஸ்டரைக் கட்டி நடித்தார். அதன் வெளி வளையமே கிடையாது. பின்பக்கம் அவர் தன் பெயரைத் தானே கீறி வைத்திருந்தார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை 19,52,000 டாலர்! யாராவது புது வளையம் மாட்டி, கீறலைத் தேய்த்திருந்தால்?

நடிகர் கட்டியதால் அந்த விலை என்பது உண்மையே. ஆனால், சாதாரண வாட்சுக்கும் விதி அதுதான். இன்று விற்பனைக்கு வரும் பழைய "பைலட்"களில் பல, முகத்துக்குப் புது வர்ணம் பூசியவை. நாலு வாட்சின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை. பளபளவென்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1950-களிலும் அதற்கு முன்பும் வந்த பல விமானி வாட்சுகளில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளி மங்கியிருக்கும். ஆனால், ரேடியம் போகாது. அதன் வீரியம் பாதியாகவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். மூடிய கடிகாரத்தை அவ்வப்போது கட்டுவதால் பெரிய ஆபத்தில்லை. வீட்டில் திறப்பதும், பூச்சைச் சுரண்டுவதும்தான் ஆபத்து. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

வாங்கலாமா?

அப்பா வைத்துவிட்டுப் போன வாட்ச் வேறு; ஆசைப்பட்டு வாங்கும் வாட்ச் வேறு. லட்ச ரூபாய் கொடுத்துப் பழைய சுவிஸ் வாட்ச் வாங்குகிறவர், எண்ணெய்ச் செலவுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். முடியாதவர் வாங்காமல் இருப்பதே நல்லது. அவருக்குச் சில ஆயிரத்தில் ஒரு நல்ல "பைலட்" போதும். 1969-ல் ஜப்பானில் குவார்ட்ஸ் வாட்ச் வந்த பிறகு, நேரம் பார்க்க மட்டும் இந்தப் பழைய கடிகாரங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. இவை பிரியத்துக்காக வைத்திருப்பவை. பிரியத்துக்குச் செலவு உண்டு.

அந்தச் செலவில்தான் நம்மவர் கை சுருங்குகிறது. கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சிறு கடை. கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு பெரியவர்.

"ஏனுங்க, ஒரு சொட்டு எண்ணெய்க்கு இத்தனை ரூபாயா?"

"எண்ணெய்க்கு இல்லீங்க. சுமார் நூறு சாமான் கழற்றணும். கழுவணும். மறுபடி பூட்டணும். ஒண்ணு தவறினாலும் ஓடாதுங்க."

ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் பணம் கொடுப்பவர், இவரிடம் மட்டும் அரை மணி நேரம் பேரம் பேசுகிறார். பேரம் பேசிப் பேசியே இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகள் வராமல் செய்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து மாட்ட எத்தனை மகன்கள் வருகிறார்கள்? அவர்கள் போய்விட்டால், பீரோவில் இருக்கும் வாட்சைச் சுவிட்சர்லாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கும் கூலியைப் பார்த்த பிறகு டவுன்ஹால் பெரியவரின் கூலி சும்மா கொடுத்தது போல இருக்கும்.

ஆகையால், கிணத்துக்கடவு வீட்டில் செய்ய வேண்டியது இது. பஸ் ஏறிக் கோவைக்குப் போங்கள். "முகத்தைத் தொடாதீங்க, உள்ளே மட்டும் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் தினம் காலையில், கையில் கட்டுவதற்கு முன், சாவி கொடுங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். அண்ணன் ஒரு மாதம், தம்பி ஒரு மாதம் கட்டலாம். நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினால், பெரியவர் உள்ளே இருக்கும் சிறு நெம்புகோலை மயிரிழை நகர்த்திக் கொடுப்பார். அநேகமாக அதற்குக் காசு கேட்கமாட்டார்.