வழியுரிமையும் வழிநடையும்

இங்கிலாந்து சென்று திரும்பிய நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் இலண்டன் கோபுரம் வரும், தேம்ஸ் ஆறு வரும், ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு வரும். சற்றே தொலைவு சென்றவராயின் ஏரி மாவட்டத்துப் படகுச் சவாரியும் வரும். அந்நாட்டின் நாட்டுப்புறத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கி வைத்திருக்கும் ஒன்று மட்டும் வருவதில்லை. வயல்களின் குறுக்கே, ஆட்டு மந்தைகளின் ஊடே, சில வேளைகளில் பண்ணை வீட்டு முற்றத்திலேயே நுழைந்து வெளியேறும் ஒற்றையடிப் பாதையைத்தான் சொல்கிறோம். அங்கே காட்சியென்று முதலில் காண வேண்டியது அந்தப் பாதையே என்பது நம் துணிபு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய பொதுவழிகள் உள்ளன. நிலம் தனியாருடையது, அதன்மேல் கடந்து செல்லும் உரிமை பொதுமக்களுடையது. உழவர் தம் வயலை உழலாம், விதைக்கலாம். ஆனால் வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையை உழுதுவிட்டால், முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கத் தக்கதாக்கித் தர வேண்டும். வேலி குறுக்கிட்டால் ஏறிக் கடக்கப் படிகளோ, ஆடுமாடு தப்பாமல் மனிதர் மட்டும் புகுந்து செல்லும் சிறு கதவோ இருக்கும். மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்க்கு. நீல அம்புக்குறி குதிரை ஏறிச் செல்வோர்க்கும் சேர்த்து. உரிமையாளர் மறுப்பேதும் காட்டாத நிலையில் 20 ஆண்டுகள் தடையின்றி மக்கள் ஒரு தடத்தில் நடந்து வந்திருந்தால், அது பொதுவழியாக ஒப்புக்கொடுக்கப்பட்டதென்றே சட்டம் கொள்கிறது. ஒருமுறை வழியானது என்றும் வழியே என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பழைய நெறி. நடந்தமையே உரிமைக்குச் சான்றாகும் இவ்விந்தை நம்மைப் பெரிதும் கவர்ந்தது.

டார்பிஷயர்ப் பகுதியில் ஒருமுறை, நிலப்படத்தில் பச்சை நிறத்தில் குறித்திருந்த விட்டுவிட்டுச் செல்லும் கோட்டைப் பின்பற்றி நடந்தபோது, அது நேரே ஒரு பண்ணை வீட்டின் முற்றத்துக்குள் சென்றது. நாம் தயங்கி நின்றோம். வாளியோடு வந்த அம்மையார் ஒருவர், நாம் கேட்காமலே மாட்டுக் கொட்டிலின் பின்புறம் இருந்த கதவைக் கையால் காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. விருந்தினராகவும் அல்ல, அத்துமீறியவராகவும் அல்ல, வெறும் வழிப்போக்கராக நடத்தப்பட்டோம். அந்நாட்டில் நமக்குக் கிடைத்த மரியாதைகளுள் அதுவே பெரிது.

இந்நிலை தானாக விளைந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள் நாடாளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான அடைப்புச் சட்டங்களால், திறந்த வயல்களும் பொது மேய்ச்சல் நிலங்களும் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. அஞ்சலட்டைப் படங்களில் நாம் கண்டு வியக்கும் கட்டம் கட்டமான பசுமையில் பெரும்பகுதி அவ்வேலிகள் வரைந்த ஓவியமே. அதைத் தம் கண்முன்னே கண்டு புலம்பியவர் ஜான் கிளேர் (1793–1864). ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவர், தாம் ஓடித் திரிந்த வெளிகள் பூட்டப்பட்டதைக் கவிதையாக்கினார். 1841இல் எசெக்ஸில் இருந்த மனநோய் மருத்துவ இல்லத்திலிருந்து வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் தொலைவைச் சில நாட்களில் நடந்தே கடந்து வீடு திரும்பினார். பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றதாக அவரே குறித்து வைத்திருக்கிறார். நம் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கேனும் கிளேருக்குத் தரலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேர்ட்ஸ்வொர்த்தையும் நாம் முழுமையாகப் படித்தோமில்லை. பள்ளி நாள்களில் நம்மில் பலர் நெட்டுருச் செய்த டாஃபடில் மலர்க் கவிதைக்கு அடிப்படை, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவரும் அவர் தங்கை டாரதியும் சேர்ந்து நடந்த நடை. அன்றைய காற்றையும் மலர்களையும் முதலில் எழுத்தில் வைத்தவர் டாரதி. தம் நாட்குறிப்பில் வைத்தார். கவிதை சில ஆண்டுகள் கழித்தே பிறந்தது. கவிதையில் ஒருவர் தனியே திரிகிறார். நாட்குறிப்பில் இருவர் நடக்கின்றனர். கவிஞர் தம் வாழ்நாளில் 1,75,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று டி குவின்சி கணக்கிட்டார். மலரை மனப்பாடம் செய்வித்த நம் ஆசிரியர்கள் அந்தக் கால்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அதே கவிஞர் ஏரி மாவட்டத்துக்கு வழிகாட்டி நூலும் எழுதினார். நம் மரபில் வைத்துச் சொன்னால் ஓர் ஆற்றுப்படை. அந்நிலப்பகுதியைத் தேசத்துக்கே பொதுவான உடைமைபோலக் கருத வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. ஆயினும் 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு இருப்புப்பாதை இடும் திட்டம் எழுந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் கூட்டமாக அழைத்து வந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயன் விளையாது, இயற்கையழகைத் துய்க்கப் பழகிய கண் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் நாம் கவிஞரோடு உடன்பட இயலாது. பழகிய கண் பழகுவதற்கு முன் என்னவாக இருந்தது? பாதை 1847இல் திறக்கப்பட்டது. ஏரிகள் எங்கும் போய்விடவில்லை.

ரஸ்கினும் இவ்வாறே சினந்தார். பீக் மாவட்டத்து மான்சல் பள்ளத்தாக்கின் குறுக்கே 1860களில் இரயில் பாலம் எழுந்தபோது, பக்ஸ்டன் ஊர்க்காரர் பேக்வெல்லுக்கு விரைந்து போய்வருவதற்காக ஒரு தெய்வீகப் பள்ளத்தாக்கு அழிந்ததே என்று எள்ளி எழுதினார். 1968இல் அவ்விருப்புப்பாதை மூடப்பட்டது. இன்று அதே தடம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்குமான வழி. 2011இல் சுரங்கங்களும் திறந்துவிடப்பட்டன. ரஸ்கின் வெறுத்த அப்பாலத்தின் மேல் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டுக் கீழே ஆற்றைப் பார்த்து நிற்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். இருப்புப்பாதை ஆதலின் ஏற்றமும் மிகுதியில்லை. நம்மைப் போன்ற நடுவயதினர் முழங்காலுக்கு உகந்தது.

மிதிவண்டிக்காரருக்கு எல்லா இடமும் இவ்வளவு இனியதன்று. அவர்களின் சுற்றுலாச் சங்கம் 1878இலேயே ஹாரகேட் நகரில் தோன்றிவிட்டது. இருந்தும் குதிரைவழிகளில் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. அங்கும் நடப்பவர்க்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். அது முறையே. பொதுவழிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நடைவழிகள். அவற்றில் மிதிவண்டிக்கு உரிமையில்லை. இன்னது நடைவழி, இன்னது குதிரைவழி என்னும் பகுப்பு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி ஊர்தோறும் எடுத்த கணக்கில் நிலைபெற்றது. ஓர் ஊர் மன்றம் ஒருவாறும் அடுத்த ஊர் மன்றம் வேறுவாறும் எழுதிக் கொடுத்தன. விளைவு, ஒரே பாதை ஊரெல்லை வரை குதிரைவழி, எல்லை தாண்டியதும் நடைவழி! அங்கே வண்டியை விட்டு இறங்க வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது தகுமா என்பதும் வழக்கறிஞர்கள் வாதிடும் பொருளாகவே இருக்கிறது.

வழிகள் ஒருபுறமிருக்க, மலைகளும் கரம்பை வெளிகளும் நெடுங்காலம் பூட்டியே கிடந்தன. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு ஒருநாள் ஓய்வு. கண்ணெதிரே கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம். ஆனால் அது பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று காக்கப்பட்டது. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு ஊரிலிருந்து சில நூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20. இரயில் நிலையத்தில் காவலர் காத்திருக்கக்கூடும் என்று மிதிவண்டியிலேயே வந்து சேர்ந்தார். காவலாட்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். ராத்மனுக்கு நான்கு மாதம். அத்துமீறல் குற்றவியல் குற்றமன்று. ஆகவே கலகம் முதலிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அன்றைய நடைபயணச் சங்கங்களின் மூத்தோர் பலர் இச்செயலை விரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னாளில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2002இல், அன்றைய நிலவுடைமையாளரான டெவன்ஷயர்ப் பிரபுவின் பேரர், தம் குடும்பத்தின் செயலுக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

கதை இதனோடு முடிந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, கரம்பை, பொதுநிலம் ஆகியவற்றில் விரும்பியவாறு நடக்கும் உரிமையை அளித்தது. ஆனால் அது இங்கிலாந்து நிலப்பரப்பில் 8 விழுக்காடு அளவே. அருகிலுள்ள ஸ்காட்லாந்திலோ 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், மிதிவண்டியும் ஓட்டலாம். குட்டி ஈனும் பருவத்தில் ஆடுகள் மிரளும், அவிழ்த்துவிட்ட நாய்கள் தரையில் கூடுகட்டும் பறவைகளைக் கலைக்கும் என்னும் உழவர் அச்சம் பொய்யன்று. அதற்குப் பருவக் கட்டுப்பாடும் நாய்க்குக் கயிறும் மருந்தாகுமேயன்றிப் பூட்டு மருந்தாகாது. ஸ்காட்லாந்தின் வழியை இங்கிலாந்தும் ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து.

டார்ட்மூர் வெளியில் கூடாரமிட்டு இரவு தங்கும் பழைய வழக்கத்துக்கு உரிமையில்லை என்று 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஆயிரக்கணக்கானோர் அவ்வெளிக்கே நடந்து சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டே மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே நின்றது. மறுபுறம், பதிவேட்டில் ஏறாமல் விடுபட்ட பழைய பாதைகள் சிக்கலாகவே தொடர்கின்றன. நடைபயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பழைய நிலப்படங்களையும் இன்றைய படங்களையும் ஒப்புநோக்கி, 49,000 மைலுக்கும் மேல் விடுபட்டிருக்கலாம் என்று 2020இல் கண்டறிந்தனர். அவற்றைப் பதிவு செய்ய முதலில் 2026 எனவும் பின்னர் 2031 எனவும் கெடு வைக்கப்பட்டது. அக்கெடுவையே நீக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. கெடு நீங்கினாலும் ஒவ்வொரு பாதைக்கும் சான்று தேடி விண்ணப்பிக்க ஆள் வேண்டும்.

இங்கிலாந்து செல்லும் அன்பர்களிடம் நம் வேண்டுகோள் ஒன்றே. வாடகைக் காரில் ஐந்து ஊர்களை ஒரே நாளில் பார்த்துத் திரும்பாதீர்கள். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே இரயிலில் சென்று ஈடேல் நிலையத்தில் இறங்குங்கள். கிண்டர் மேட்டுக்கான பாதை அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே தொடங்குகிறது. ஒரு மழையங்கி, நல்ல காலணி, நிலப்படம் ஒன்று. கோடையாயினும் மழையங்கியை மறவாதீர்கள்.