புல்லிடை வீழ்ந்த விலங்கு

விளையாட்டு இளமையின் உடைமை. ஓடியும் ஆடியும் சிறுவர் உடலுரம் பெறுகின்றனர். அதனோடு, வெற்றி தோல்வி என்னும் இரண்டையும் விளையாட்டின் வாயிலாகவே முதன்முதல் அறிகின்றனர். வென்றபோது எவ்வாறு ஒழுகுதல் வேண்டும், தோற்றவரை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்னும் பாடங்களை ஆசிரியர் கற்பிக்குமுன்னே விளையாட்டு கற்பித்துவிடுகின்றது. ஆதலின், சிறுவர் எவ்விளையாட்டை விரும்பி ஆடுகின்றனர் என்பது முதியோர் புறக்கணிக்கத்தக்க சிறு செய்தி அன்று.

இக்காலச் சிறுவர் பலர் விரும்பி ஆடுவது, விந்தை விலங்குகளைப் பிடித்துச் சேர்த்து வளர்க்கும் கணினி விளையாட்டு. இவ்வகையுள் உலகெங்கும் பெயர் பெற்றது போக்கிமான். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் இது ஜப்பான் நாட்டில் முதன்முதல் வெளிவந்தது. நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கப் பொறியில் ஆடுதற்கென, சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக இதனைச் சதோஷி தஜிரி என்பவர் தம் குழுவினருடன் உருவாக்கினார். தஜிரி, டோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதாவில் வளர்ந்தவர். இளமையில் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடிப்பதில் பேரார்வம் கொண்டிருந்தவர். நகரம் பெருகப் பெருக வயல்கள் மறைந்தன. அவற்றில் வாழ்ந்த பூச்சிகளும் மறைந்தன. தாம் துய்த்த அவ்வின்பத்தை, வயலைக் காணாத பிற்காலச் சிறுவர்க்கும் அளித்தல் வேண்டும் என்னும் விழைவே இவ்விளையாட்டிற்கு வித்தாயிற்று.

இதனை ஆடும் முறை வருமாறு: ஆடுபவன் ஊர் ஊராகச் செல்கின்றான். உயர்ந்து வளர்ந்த புல்லின் நடுவே அவன் செல்லும்போது காட்டு விலங்கு ஒன்று திடுமென எதிர்ப்படும். தன்னிடமுள்ள விலங்கை அவன் அதனோடு பொரவிடுவான். ஒவ்வொரு விலங்கின் உயிராற்றலையும் ஒரு கோடு காட்டும். அடிபடுந்தோறும் அக்கோடு குறுகும். கோடு நன்கு குறுகிய நிலையில் பந்து ஒன்றை எறிந்தால், காட்டு விலங்கு அதனுள் அடங்கி அவனுக்கு உரியதாகலாம். ஆனால் கோடு முற்றும் தேய்ந்துவிடின் விலங்கு வீழ்ந்துவிடும். அதன்பின் அதனைப் பிடித்தல் இயலாது. வென்ற விலங்கிற்கு அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர அதன் வலிமை படிப்படியாக உயரும். திரையில் மீண்டும் புல்வெளி தோன்றும். ஆடுபவன் தன் வழியே செல்வான்.

வீழ்ந்த காட்டு விலங்கு என்ன ஆயிற்று? சிறுவர் சிலர் கேட்கும் இவ்வினாவிற்கு விளையாட்டில் விடை இல்லை.

ஆடுபவனின் சொந்த விலங்கு வீழ்ந்தால் நிகழ்வது வேறு. ஊர்தோறும் அதற்கென மருத்துவ நிலையம் உண்டு. அங்கே செவிலி ஒருத்தி இன்முகத்துடன் வரவேற்று, கட்டணம் ஏதும் பெறாமல் நலமாக்கித் தருவாள். கொண்டு சென்ற விலங்குகள் யாவும் வீழ்ந்துவிட்டாலும், ஆடுபவன் கைப்பொருளில் பாதியை இழப்பானேயன்றித் தன் விலங்குகளை இழப்பதில்லை. மருத்துவ நிலையத்தில் மீண்டும் தொடங்குவான். அவன் பையில் மருந்தும் உண்டு. அம்மருந்தைத் தன் விலங்கிற்கு எத்தனை முறை வேண்டுமாயினும் இடலாம். வீழ்ந்த காட்டு விலங்கிற்கு இடுதற்கு மட்டும் வழியில்லை. ஒரே போரில் ஒரே வகையான அடிபட்ட இரு விலங்குகளுள், ஒன்றிற்குப் படுக்கையும் மருந்தும் கிடைக்கின்றன. மற்றொன்றிற்கு ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. இரண்டிற்கும் வேறுபாடு யாதெனின், ஒன்று பிடிபட்டது, மற்றொன்று பிடிபடாதது என்பதே.

இந்த மௌனத்திற்குக் காரணம் கொடுமை அன்று, கணக்கே. அக்காலப் பொறியின் நினைவகம் மிகச் சிறியது. புல்லிடை எதிர்ப்படும் விலங்கு முன்னரே அங்கு வாழ்ந்துகொண்டிருந்தது அன்று. எதிர்ப்படும் அந்நொடியில் கணக்கினால் உருவாக்கப்படுவது. போர் முடிந்தவுடன் அக்கணக்கு அழிக்கப்படும். ஆடுபவனுக்கு உரியனவாகிய விலங்குகளை மட்டுமே பொறி நினைவில் கொள்ளும். ஆகவே வீழ்ந்த விலங்கு இறக்கவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, ஏட்டிலிருந்து நீங்கிற்று. பொதுவான விலங்காயின், அதே புல்லில் அதே வகை விலங்கு மீண்டும் எதிர்ப்படுதலால் இக்குறை கண்ணிற்குத் தோன்றாது. ஆனால் அம்முதல் விளையாட்டிலேயே, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக அமைந்த அரிய பறவைகள் மூன்று உண்டு. அவற்றுள் ஒன்றைப் பிடியாது வீழ்த்திவிட்டு அந்நிலையைப் பதிவு செய்துவிட்டால், அஃது அந்த உலகில் மீண்டும் தோன்றுவதில்லை. வீழ்ந்தது எங்கோ சென்று பிழைத்திருக்கும் என்று எண்ணி மனத்தை ஆற்றிக்கொள்ளும் சிறுவனுக்கு அவ்விடத்தில் ஆறுதல் இல்லாது போகின்றது.

படைத்தவர் இரக்கமற்றவர் என்று இதனாற் கூறிவிடுதல் நேர்மை ஆகாது. விலங்குகள் இறப்பதாகக் காட்டாமல் மயங்குவதாகக் காட்டியது தஜிரி எண்ணித் துணிந்த செயல். 1999-ஆம் ஆண்டு டைம் இதழுக்கு அளித்த செவ்வியில் அவர் இதனை விளக்கியுள்ளார். விளையாட்டில் தோற்பதையே சாவு என்று பேசும் வழக்கம் சிறுவர்க்கு நல்லதன்று, சாவை மதிப்போடு எண்ணப் பழகுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆங்கிலப் பதிப்பிலும் மயங்கிற்று என்னும் சொல்லே இடப்பட்டது. ஆயினும் ஜப்பானிய மொழியில் அந்நிலைக்கு வழங்கும் சொல் ‘ஹின்ஷி’ என்பது. சாவின் விளிம்பில் நிற்றல் என்பது அதன் பொருள். அவ்விளையாட்டினுள்ளேயே ஓர் ஊரில், இறந்த விலங்குகளின் கல்லறைகள் நிறைந்த கோபுரம் ஒன்றும் உண்டு. தீயோரால் கொல்லப்பட்ட தாய்விலங்கு ஒன்றன் ஆவி, தன் குட்டியை எண்ணி அங்கே அலைவதாகக் கதை அமைந்துள்ளது. துயரத்தை உணர்ந்தவரே இத்தகைய கதையை அமைக்க வல்லார். ஆனால் சாவின் விளிம்பில் விடப்பட்ட உயிருக்கு வேண்டுவது யாது? அருகில் ஒருவர் வருதலே அன்றோ? மயக்கம் என்று பெயரிட்டது பாதி இரக்கம். தெளிவிப்பார் இருந்தாலன்றி அவ்விரக்கம் முழுமை பெறாது.

இங்கே ஒரு தடை எழுப்புவர் சிலர். “இஃது ஆட்டம், விலங்கு வெறும் ஓவியம். சதுரங்கத்தில் வெட்டுண்ட குதிரைக்கு யார் மருந்திடுகின்றனர்? மரக்காய்க்கு இரங்காதார் திரைக்காய்க்கு இரங்குவது ஏன்?” என்பது அவர்தம் வினா. வினா வலிமை உடையதே. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சதுரங்கம் தன் காய்களிடத்து அன்பு கொள்ளுமாறு எவரையும் வேண்டுவதில்லை. காய்க்குக் கண் இல்லை; குரல் இல்லை; பெயர் இல்லை. ஆட்டம் முடிந்தபின் வென்ற காயும் வெட்டுண்ட காயும் ஒரே பெட்டியில் உறங்கும். விலங்கு சேர்க்கும் விளையாட்டோ அத்தகையது அன்று. அதன் விலங்குகளுக்குக் குரல் உண்டு, இயல்பு உண்டு, ஆடுபவனே பெயரிடவும் செய்கின்றான். அவற்றைத் தோழராகக் கருதுக என்று அவ்விளையாட்டே மீண்டும் மீண்டும் கூறுகின்றது. விலங்கை நேசி என்று சொல்லிக்கொடுத்த ஒன்று, ‘என்னுடையதை மட்டும் நேசி’ என்று சொல்லாமற் சொல்லுமாயின், அவ்விடத்து வினா எழுப்புதல் முறையே ஆகும். சிறுவன் தவறாகக் கேட்கவில்லை. விளையாட்டு கற்பித்த அன்பையே அவன் அடுத்த விலங்கிற்கும் நீட்டுகின்றான்.

‘வேறு வழி இல்லை, பொறிக்கு இடம் போதாது’ என்பதும் நிற்கத்தக்கது அன்று. போக்கிமானுக்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1992-ஆம் ஆண்டில், டிராகன் குவெஸ்ட் என்னும் ஜப்பானிய விளையாட்டின் ஐந்தாம் பகுதி வெளிவந்தது. அதில் போர் முடிந்தபின், தோற்ற விலங்கு சிற்சில வேளைகளில் எழுந்து நிற்கும். தோழமை கொள்ள விரும்புவதுபோல் வென்றவனை நோக்கும். அவன் ஏற்றுக்கொண்டால் உடன் வரும். மறுத்தால் வருத்தத்தோடு அகன்று செல்லும். எல்லா விலங்கும் அவ்வாறு எழுவதில்லை என்பது உண்மையே. எனினும், தோல்விக்குப் பின்னும் தோற்றதற்கு ஒரு வாழ்வு உண்டு என்பதை அவ்விளையாட்டு ஓரிரு சொற்களில் உணர்த்திவிட்டது. அதற்குப் பெரிய பொறி வேண்டியிருந்ததில்லை. சிறிய எண்ணமே வேண்டியிருந்தது.

போக்கிமான் விளையாட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. 2016-இல் கைப்பேசிக்கென வந்த பதிப்பில், காட்டில் காணும் விலங்கை அடித்து மெலிவித்தல் இன்றியே பந்தெறிந்து பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த பதிப்பிலோ, புல்லில் மறைந்திருந்து பொறுமையோடு நோக்கி, போரின்றிப் பிடிக்கும் வழியும் உண்டு. இவை பூச்சி தேடிய பழைய சிறுவனின் உள்ளத்திற்கு அண்மையானவை. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பில், காட்டு விலங்கு தோற்றாலும் பிடிபட்டாலும் அதன் மயிர், இறகு போன்ற பொருள்கள் ஆடுபவன் பையில் சேர்கின்றன. அவற்றைக் கொண்டு புதிய போர்முறைகளைக் கற்பிக்கும் கருவிகளைச் செய்துகொள்ளலாம். வென்றவன் பெறுவது இன்னது என்னும் பட்டியல் நீண்டது. தோற்றது பெறுவது இன்னது என்னும் பட்டியல் இன்னும் தொடங்கப்படவில்லை.

தோற்றவரை எண்ணிப் பார்த்தல் மனித நாகரிகத்தின் உயர்ந்த படிகளுள் ஒன்று. 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இத்தாலியில் சோல்பெரினோ என்னுமிடத்துப் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. அவ்வழியே வந்த ஹென்றி டுனான்ட் என்னும் ஜெனீவா நகரத்து வணிகர், புண்பட்டோர் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு உளம் நைந்தார். அருகிலிருந்த ஊர்ப் பெண்கள் நம்மவர், மாற்றார் என்று பாராது எல்லார்க்கும் நீரும் மருந்தும் அளித்தனர். அவரும் உடனிருந்து உதவினார். அவர் எழுதிய நூலும் எடுத்த முயற்சியும் செஞ்சிலுவை இயக்கம் தோன்றக் காரணமாயின. 1864-இல் பல நாடுகள் கூடிச் செய்த ஜெனீவா உடன்படிக்கை, புண்பட்ட வீரர் எந்நாட்டினராயினும் எடுத்துப் பேணப்படல் வேண்டும் என்று விதித்தது. தன் படையைப் பேணுதல் எக்காலத்தும் இருந்தது. மாற்றான் படையில் வீழ்ந்தவனையும் பேணுதலே புதிய விதி.

தமிழின் புறப்பொருள் இலக்கணத்தில் தழிஞ்சி என்னும் துறை ஒன்று உண்டு. தொல்காப்பிய உரையில் அச்சொல், போரிற் புண்பட்ட வீரரை வேந்தன் சென்று தழுவிக்கொள்ளுதலைக் குறிக்கும். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையிலோ, தோற்றுப் புறங்கொடுப்பார்மேல் படைக்கலம் ஓச்சாத மறப்பண்பு தழிஞ்சி எனப்படும். தன்னவரைத் தழுவுதலும், தோற்ற மாற்றாரைத் தாக்காது விடுதலும் ஆகிய இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குதல் எண்ணி மகிழத்தக்கது. விலங்கு சேர்க்கும் விளையாட்டு இவற்றுள் முன்னதைச் செவ்வனே செய்கின்றது. ஊர்தோறும் மருத்துவ நிலையம் அமைத்திருக்கின்றது. பின்னதற்குத்தான் இன்னும் இடம் காணவில்லை.

ஆதலின், இத்தகைய விளையாட்டுகளை விலக்குதல் வேண்டும் என்பது தேவையற்ற முடிவு. அவை நினைவாற்றலையும் பொறுமையையும் வளர்க்கின்றன. இணைப்புக் கம்பியால் இரு பொறிகளைச் சேர்த்து விலங்குகளை மாற்றிக்கொள்ளும் முறையால், முன்பின் அறியாச் சிறுவரையும் நண்பராக்கியுள்ளன. வேண்டுவது விலக்கு அன்று, திருத்தம். போர் முடிந்தபின், ‘மருந்திட்டுச் செல்க’ என்னும் ஒரு வழியைத் திரையில் சேர்த்தல் போதும். ஒரு குப்பி மருந்து குறையும். புள்ளி ஒன்றும் கூடாது. ஆயினும் அவ்வழியைத் தேர்ந்தெடுக்கும் சிறுவர் பலர் இருப்பர் என்பதில் ஐயமில்லை. பயன் கருதாது செய்யும் இரக்கத்திற்கு அவ்விளையாட்டில் அதுவே முதல் இடமாக அமையும்.

அத்திருத்தம் வருங்காறும், ஆடும் மாணவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீழ்ந்த விலங்கு என்ன ஆயிற்று என்னும் வினாவைக் கைவிடாதிருத்தலே அது. பள்ளித் தேர்விலும், பந்தயக் களத்திலும், பின்னர் வாணிகத்திலும் ஆட்சியிலும் வெற்றி பெறுவார் பலர். அங்கும் வென்றவர்க்குப் புள்ளிகள் சேரும். தோற்றவர் பெயர் ஏட்டிலிருந்து நீங்கும். அப்போது திரும்பி நோக்கி அவ்வினாவைக் கேட்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவராக வளர்தற்கு, புல்லிடை வீழ்ந்த ஓவிய விலங்கின்பால் இளமையிற் கொண்ட இரக்கமும் நற்பயிற்சியே ஆகும்.