பச்சைக்குள் இருக்கிற ஆட்கள்

மனசு சரியில்லையெண்டால் மலைநாட்டுக்குப் போயிட்டு வா எண்டு சொல்லுறது எங்கட வயதுக்காரரிடம் வழக்கமாகிவிட்டது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. சிவனொளிபாதமலைக்கு இரவிரவாகப் படியேறுகிற எல்லாருமே நேர்த்திக்காகப் போறவர்கள் இல்லை. பரீட்சை பிழைத்தவர்கள், வேலை தேடிக் களைத்தவர்கள், வீட்டில் ஒருத்தரைப் பறிகொடுத்தவர்கள் எண்டு கனபேர் ஏறுகிறார்கள். 2,243 மீற்றர் உயரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கேக்க சூரியன் எழும்பும், மலையின் நிழல் முக்கோணமாய் மேற்கே விழும். புத்தரின் பாதம், சிவனின் பாதம், ஆதமின் பாதம் எண்டு ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் எல்லாருக்கும் விடியுறது ஒரே வெளிச்சம்தான். அதைப் பார்த்து மனசு லேசாகுதெண்டால் அது பொய்யில்லை.

ஆனால் அந்த மலைக்குப் போற வழியையும் பார்க்க வேணும். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி வரைக்கும் பஸ் யன்னலால் நாங்கள் படமெடுக்கிற பச்சை, தானாக முளைத்த இயற்கை இல்லை. காட்டை வெட்டி, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்ச் சனத்தின் உழைப்பில் உண்டான தோட்டம் அது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தச் சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இண்டைக்கும் லயன் அறைகளில்தான் இருக்கிறார்கள். குறிச்ச கிலோ கொழுந்து வராட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

வழியில் வாற மவுஸாக்கலை நீர்த்தேக்கமும் அப்படித்தான். அந்த அமைதியான தண்ணிக்குக் கீழே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. நீர்மட்டம் நல்லா இறங்கினால் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரியும்.

"மனசாறப் போற இடத்திலயும் அரசியலோ?" எண்டு கேட்பீர்கள். குற்றவுணர்வோடு மலையேறச் சொல்லவில்லை. ஆட்களை மறைத்துவிட்டுப் பார்த்தால்தான் ஒரு இடம் அழகாகத் தெரியும் எண்டால், அங்கே கிடைக்கிற அமைதி கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிவர முதலே கரைஞ்சு போகும். ஆன்மிகம் எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ளுறது, 'நான்' எண்டதை விட்டு வெளியே வாறதை. உச்சியில் மலைக்கு முன்னால் சிறுத்து நிற்கிற மனசு, அடிவாரத்தில் மனிசருக்கு முன்னாலும் கொஞ்சம் சிறுக்க வேணாமோ?

பருவம் மார்கழிப் பௌர்ணமியோடு தொடங்கி வெசாக் வரை இருக்கும். போறவர்களிடம் எங்கட கோரிக்கை பெரிசில்லை. கொழுந்து எடுக்கிற அக்காவைப் படமெடுக்க முதல் கேளுங்கோ. அவ மறுத்தால் ஃபோனை உள்ளே வையுங்கோ. வழியில் தேத்தண்ணி குடிக்கேக்க கடைக்காரரோடு ரெண்டு கதை கதையுங்கோ. இந்தத் தோட்டத்தில் இப்ப நாட்சம்பளம் எவ்வளவு எண்டும் கேளுங்கோ. ஊருக்கு வந்து படத்தோடு அதையும் எழுதிப் போடுங்கோ.