தமிழ் எந்த மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு?

நாங்கள் கம்பஸில் எல்.எம்.எஸ் எண்டு கூப்பிடுற தளங்கள் பலதும் உள்ளுக்குள்ள மூடில் எண்ட மென்பொருள்தான். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது. முதற் பதிப்பு 2002இல் வந்தது. காசு இல்லை, மூலநிரலும் திறந்தே இருக்கு. எந்தப் பல்கலைக்கழகமும் தன்ர தேவைக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விசயத்தை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

2022 ஏப்ரலில் மூடில் 4.0 வந்தபோது அதன் மெனு பட்டையை அடியோட மாற்றினார்கள். முந்தி இடப்பக்கத்தில் ஒரு நீளப் பட்டியல் இருந்தது. டாஷ்போர்ட், கலண்டர், எங்கட கோப்புகள், நாங்கள் எடுக்கிற பாடநெறிகள் எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டாத் தொங்கும். புதுப் பதிப்பில் அதைப் பிரிச்சாச்சு. முழுத் தளத்துக்குமான இணைப்புகள் மேல் பட்டைக்குப் போய்விட்டன. ஒரு பாடநெறிக்குள்ள நுழைந்தால் அதற்குரிய டாப்கள் தலைப்புக்குக் கீழ வரும், உள்ளடக்க வரிசை இடப்பக்கம் நிற்கும். நல்ல மாற்றம்தான். ஒரு தவணை முழுக்கப் போட்ட விரிவுரைக் குறிப்புகளை விரலால உருட்டி உருட்டிக் களைச்சுப்போன ஆக்களுக்கு அந்த உள்ளடக்க வரிசை பெரிய ஆறுதல்.

ஆனால் ஒரு பட்டையில் எது முதலில் நிற்கும், எது உள்ளுக்குப் போகும் எண்டு யாரோ ஒராள் தீர்மானிக்கத்தான் வேணும். மூடிலில் பாடநெறிக்குள்ள ஒரு மாணவருக்குத் தெரியிற டாப்களைப் பாருங்கோ: பாடநெறி, பங்கேற்பாளர்கள், புள்ளிகள். எங்களோட ஆர் ஆர் படிக்கினம் எண்டு பார்க்க நாங்கள் எத்தினை தரம் எல்.எம்.எஸ்ஸுக்குப் போறம்? ஒப்படை எப்ப முடியுது எண்டு பார்க்கத்தான் போறம். அந்தத் திகதிகளை ஒண்டாக் காட்டுற பகுதி டாஷ்போர்ட்டில் இருக்கு. பாடநெறிக்குள்ள நிற்கிற ஒராள் வெளியில வந்து, மேல் பட்டைக்குப் போய், அங்கயிருந்து தேட வேணும். போனில் அந்த மேல் பட்டையும் கண்ணுக்குத் தெரியாது. மூண்டு கோட்டுக்குள்ள மடிஞ்சு கிடக்கும். (அந்த மூண்டு கோடு 1981இல் சீராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைஞ்சது. எங்கட அம்மா அப்பாக்களின்ர வயசு.)

அகலத்திலயும் ஒரு சிக்கல் இருக்கு. திரையில் இடம் போதாவிட்டால், மிஞ்சின டாப்களை மூடில் தானாகவே 'மேலும்' எண்ட ஒரு பொத்தானுக்குள்ள தள்ளிவிடும். ஆங்கிலத்தில் 'கிரேட்ஸ்' எண்டு சின்னதா முடியிற சொல்லுகள் தமிழில் நீளும். 'பங்கேற்பாளர்கள்' எண்டு எழுதினாலே ஒரு சின்னப் போனின் அரைவாசித் திரை போச்சு. அப்ப ஒரே தளத்தில், ஒரே போனில், ஆங்கிலத்தில் பார்க்கிற ஆளுக்கு நேராத் தெரியிற டாப், தமிழில் பார்க்கிற ஆளுக்கு ஒளிஞ்சுபோகலாம். ஒருத்தரும் வேணுமெண்டு செய்ததில்லை. எந்த மொழியை வச்சு அளந்தவை எண்டதுதான் கேள்வி.

தமிழில் பார்க்கிறதுக்கே முதலில் வழி தெரிய வேணும். மொழியை மாற்றுற மெனு முந்தி மேல் பட்டையிலேயே இருந்தது. 4.0இல் லொகின் ஆன பிறகு அது எங்கட படத்துக்குக் கீழ விரியிற மெனுவுக்குள்ள போயிட்டு. இடைமுகம் ஆங்கிலத்தில் இருக்கும்போது, அங்க 'லாங்குவேஜ்' எண்ட ஆங்கிலச் சொல்லை வாசிச்சுத்தான் தமிழுக்குப் போகலாம். ஆங்கிலம் தடுமாறுற முதலாம் வருசப் பிள்ளைக்குத்தானே அந்த மெனு தேவை? அதுவும் நிர்வாகம் தமிழ்ப் பொதியை நிறுவி வைத்திருந்தால் மட்டும். தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கிற பொதி எண்டபடியால், மொழிபெயர்க்காத சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். அதைக் குறையாச் சொல்ல மாட்டம். கலைப்பீடத்தில் மொழிபெயர்ப்பும் மொழியியலும் படிக்கிற நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கலாம் எண்டுதான் சொல்லுறம்.

இதைக் கதைச்சால் வாற பதில் தெரியும்: "மென்பொருள் அப்பிடித்தான், நாங்கள் ஒண்டும் செய்யேலாது." செய்யலாம். மேல் பட்டையில் சொந்த இணைப்புகளைச் சேர்க்க மூடிலின் தோற்ற அமைப்புகளுக்குள்ளேயே ஒரு பெட்டி இருக்கு. ஒரு வரியில் பெயரும் முகவரியும் எழுதினால் காணும், நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை. வரியின் முடிவில் மொழிக் குறியீட்டைச் சேர்த்தால், அந்த மொழியில் பார்க்கிறவருக்கு மட்டும் அது தெரியும். 'ஒப்படைத் திகதிகள்' எண்டு தமிழில் ஒரு இணைப்பு வைக்க ஒரு பின்னேரம் போதும். சொற்களை மாற்றுறதுக்கும் தனிக் கருவி இருக்கு. 'பங்கேற்பாளர்கள்' நீளம் எண்டால் 'வகுப்பு' எண்டு வையுங்கோவன்.

இப்போதைக்கு எங்கட உண்மையான மெனு பட்டை பட்ச் வட்ஸ்அப் குறூப்தான். ஒராள் தேடிக் கண்டுபிடிச்சு நேர் லிங்கைப் போடுவார், மிச்சப்பேர் அதை அமத்துவம். வேலை நடக்குது. ஆனால் ஒரு வருசம் இடையில் விட்டுத் திரும்பி வந்த அக்காவும், சாதாரண பட்டன் போனோட வந்து கொம்பியூற்றர் லாபில் மட்டும் தளத்தைப் பார்க்கிற தம்பியும் அந்தக் குறூப்பில் இல்லை. ஒப்படையைப் பிந்திக் கொடுத்தால் புள்ளி குறையிறது அவைக்குத்தான், அதுக்கு எந்தப் பட்டையும் பதில் சொல்லாது.

பயன்படுத்துறவர்களை வச்சுச் சோதிக்க ஐந்து பேர் போதும் எண்டு யாகோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அடுத்த பதிப்புக்கு மாறமுன்னம், புதுசா வந்த ஐந்து பிள்ளைகளை அவையின்ர சொந்தப் போன்களோட இருத்துங்கோ. அடுத்த ஒப்படை எப்ப, போன ஒப்படைக்கு என்ன புள்ளி, இந்தப் பக்கத்தைத் தமிழுக்கு மாற்றுறது எப்பிடி எண்டு மூண்டு கேள்வி மட்டும் கேளுங்கோ. ஒவ்வொண்டுக்கும் எத்தினை தரம் அமத்தினவை எண்டு எண்ணுங்கோ. பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ.