காமன் எழத்தான் வேண்டும்

மாசி பிறந்துவிட்டால் மலையகத் தோட்டங்களிலே காமன் பேச்சும் பிறந்துவிடுகிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படும். தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் இரவுதோறும் ஆடிவருவர். பௌர்ணமி இரவில் சிவனுடைய நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். எரிந்தவனை மூன்றாம் நாள் எழுப்புவது மரபு.

அந்த மூன்றாம் நாளைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் லயன் வீடுகளிலே பிறந்து, படித்து, இன்று ஆசிரியராகவும் மாணவராகவும் விளங்கும் நம்மவரிடையே ஒரு வாதம் எழுகிறது: எரிந்த காமன் மீண்டும் எழத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்போர் கூறும் காரணம் எளியது. செத்தவன் எழுவது அறிவுக்கு ஒவ்வாது; எரிப்போடு கூத்தை நிறுத்தினால் நேரமும் பணமும் மிச்சமாகும்; மேடைக்கும் அதுவே எடுப்பாக இருக்கும் என்பர். வேண்டும் என்போரோ, அது இறைவன் அருள், அதை ஆராய்வது பாவம் என்று வாயை அடைத்துவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் நாம் மறுக்கிறோம்.

இவ்வாதம் புதியதன்று. தஞ்சைப் பகுதியிலே காமன் பண்டிகையின்போது லாவணிக் கலைஞர்கள் டேப்பைத் தட்டிக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து அமர்வர். காமன் எரிந்தான் என்று பாடும் எரிந்த கட்சி. எரியவில்லை என்று மறுக்கும் எரியாத கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும். எழுத்தறியாத உழவனும் அதைக் கேட்டுத் தன் தீர்ப்பைச் சொல்வான். ஒரு கதைத்தலைவனின் சாவைப் பற்றி மக்கள் கூடி வழக்காடுவதை அறியாமை என்று எவரேனும் இகழ்ந்தால், அறியாமை அவரிடமே உள்ளது.

மேல்நாட்டிலும் இது நடந்தது. 1893 ஆம் ஆண்டில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளன் ஷெர்லக் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்தின் அருவியொன்றிலே வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் கொதித்தனர். 1903 இல் ஆசிரியர் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். எவ்வாறு? அவன் அருவியில் விழவே இல்லை என்று எழுதினார். அதாவது, எரியாத கட்சியின் பாட்டையே அவரும் பாடினார். வாசகர் மகிழ்ந்தனர், பத்திரிகை விற்றது. இன்றைய திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும் செத்த நாயகர் எழுவது பெரும்பாலும் இந்த வழியிலேதான். சாவு பொய்யாகிறது, வியாபாரம் மெய்யாகிறது.

எம் லயன்களின் காமனோ அத்தகையவன் அல்லன். அவன் மெய்யாகவே எரிகிறான். ஏன் எரிகிறான்? அவன் தன் விருப்பத்தால் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போனவனா? இல்லை. தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் கூடி முடிவெடுத்தனர், இந்திரன் ஏவினான், காமன் போனான். ஏவியவர் எவர்மீதும் தீப்பொறி ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. ஏவப்பட்டவன் சாம்பலானான். அழுதவள் ரதி ஒருத்தி. காளிதாசன் குமாரசம்பவத்தில் ஒரு சருக்கம் முழுவதையும் அவளுடைய புலம்பலுக்கே கொடுத்தான்.

வேலைக்கு அனுப்பப்பட்டு, அனுப்பியவர் பொருட்டுச் சாம்பலானவனுடைய கதை தோட்டத் தொழிலாளிக்கு நெருக்கமாக இருப்பதிலே வியப்பென்ன? தமிழ்நாட்டிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, வழியிலும் தோட்டத்திலும் மாண்டு, காடாய்க் கிடந்த மலையைக் கோப்பியும் தேயிலையுமாக ஆக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எரிப்போடு கூத்தை நிறுத்துங்கள் என்று கூறும் நண்பர்களே, உங்கள் கூத்து இவர்களுக்கு என்ன சொல்லும்? வல்லவனின் கண் திறந்தால் எளியவன் சாம்பல்; கதை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்றல்லவா சொல்லும்? பகுத்தறிவின் பெயரால் ஆண்டானின் தீர்ப்புக்கு நீங்கள் முத்திரை குத்துகிறீர்கள்.

அருள் என்று கூறும் பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். எரித்தவன் தானாக இரங்கினானா? ரதி ஓயாமல் அழுதாள், நியாயம் கேட்டாள், அதன் பின்னரே காமன் எழுந்தான். கேளாதவளுக்கு எந்தக் கண்ணும் திறந்திராது. அதனை அருள் என்று அழைப்பதாயின், வேலைநிறுத்தத்தின் பின் கிடைத்த கூலி உயர்வையும் துரையின் அருள் என்றே அழைக்க வேண்டிவரும்.

இனி, காமன் எழுந்தவாறு எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் பழைய உடலோடு எழவில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். மற்றவர்க்கு அவன் அநங்கன், உடலற்றவன். எம் மக்களின் வரலாற்றையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அடுத்துப் பறிபோயிற்று. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாடு. பிரிக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டவரில்லை. எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. எரிந்த உரிமை எழுந்தது, உண்மை. ஆனால் உடலெங்கே? தமக்கென்று ஒரு துண்டு நிலமின்றி, வீட்டுக்கு உறுதியின்றி இன்றும் லயன் அறைகளில் வாழ்வோர் எத்தனை குடும்பத்தினர்! குடியுரிமை உண்டு, குடியிருக்க மண் இல்லை. இவர்களே இக்காலத்து அநங்கர்.

2014 அக்டோபர் 29 ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. பெயர்ந்து போகச் சொந்த மண் இல்லாதவர் எங்கே போவர்? மண்ணில் புதைந்தோர் பலருடைய உடல்களும் கிடைக்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது, இனிக் குறையில்லை என்று மேடைகளில் முழங்குவோர் எரியாத கட்சியினர். எரியவே இல்லை என்றால் எரித்தவனும் இல்லை. கணக்குக் கேட்கவும் ஆளில்லை. அவர்களுக்கு வேண்டியதும் அதுவே.

ஆதலால் நம் கட்சி இவ்விரண்டும் அன்று. காமன் எரிந்தான், அவன் எழத்தான் வேண்டும், உடலோடு எழும்வரை ரதி தன் வழக்கைக் கைவிடலாகாது. மூன்றாம் நாளை வெட்டிவிட்டு அரைமணி நேரத் தீக்காட்சியாகக் கூத்தைக் குறுக்கும் கலைவிழாக்களை ஆசிரியர்கள் எதிர்க்க வேண்டும். ஒப்பாரியைப் பழக்கத்தால் பாடிவிட்டுக் கலையாமல், அது எதைக் கேட்கிறது என்று மாணவர்கள் இளைஞரிடம் பேச வேண்டும். ரதியின் வேடத்தை ஆண்களே கட்டிவந்த கூத்திலே, கொழுந்துக் கூடை சுமக்கும் பெண் தன் குரலிலேயே அவ்வழக்கைப் பாடும் நாள் வர வேண்டும்.

சாம்பலிலிருந்து ஒருவன் எழுவது இயற்கையில் இல்லை என்பது நமக்கும் தெரியும். சாம்பலாக்கப்பட்டவர் கணக்குக் கேட்டு எழுவது வரலாற்றில் உண்டு. கூத்தின் மூன்றாம் நாள் அதற்கான ஒத்திகை. ஒத்திகையையே நிறுத்திவிட்டால் அரங்கேற்றம் எப்போது?