என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு

முதலில் கணக்கு. பி.காம். புத்தி, வேறென்ன செய்ய? :-)

கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை வைத்துவிட்டு 42.2 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது ஒரு முழு மாரத்தான். மொத்தம் 226 கிலோமீட்டர், ஒரே நாளில். இதுதான் அயர்ன்மேன் டிரையத்லான். 1978-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதன்முதலாக நடந்தபோது தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் இல்லை. பகலில் வேலை, விடியற்காலையில் பயிற்சி என்று வாழ்பவர்கள்.

இதை வகுப்பில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது. "ஜெயிக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சும் எதுக்குடா காசு கட்டி ஓடணும்? என்ன லாபம்?"

கேட்பவர்கள் ஹிரோமு இனாடாவைத் தெரிந்துகொள்ளட்டும். ஜப்பான்காரர். பணி ஓய்வுக்குப் பிறகு நீச்சலில் இறங்கி, 70 வயதில் முதல் டிரையத்லானை முடித்தவர். 2015-ல் ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் போட்டியில் 82 வயதில் கலந்துகொண்டார். அங்கே கெடு 17 மணி நேரம். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் தடுமாறி விழுந்து, எழுந்து, கோட்டைத் தொட்டபோது நேரம் 17 மணி 5 விநாடி. 5 விநாடி தாமதம். முடித்தவர் பட்டியலில் பெயர் இல்லை!

லாபக் கணக்கில் இது முழு நஷ்டம். அவர் என்ன செய்தார்? அடுத்த ஆண்டே திரும்பி வந்து கெடுவுக்குள் முடித்தார். 2018-ல் 85 வயதில் மறுபடியும் முடித்தார், 16 மணி 53 நிமிடத்தில். அதே நாள், அதே பாதையில், வென்ற ஜெர்மானியர் பாட்ரிக் லாங்கே எடுத்துக்கொண்டது 7 மணி 52 நிமிடம். ஒருவர் ஜெயித்து ஒன்பது மணி நேரம் கழித்தும் இன்னொருவருக்காக அந்தக் கோடு திறந்திருந்தது. அதைத்தான் நான் விளையாட்டு என்பேன்.

"முயன்றால் முடியாதது இல்லை" என்று மேடையில் முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, கை தட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அந்த 5 விநாடி உங்கள் வசனத்தைப் பொய்யாக்குகிறது. அவர் முயற்சியில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் கிடைக்கவில்லை. கிடைத்தால்தான் மதிப்பு என்றால் அந்த 17 மணி நேரமும் குப்பைதானா?

சரி, இது காசுள்ளவர்களின் விளையாட்டு என்கிறீர்களா? ஒத்துக்கொள்கிறேன். நல்ல பந்தய சைக்கிளுக்கு லட்சங்கள் ஆகும். 2019-ல் இதன் பாதித் தூரப் போட்டி கோவாவுக்கு வந்தபோதும் அது எளியவர்களுக்கு எட்டும் செலவாக இல்லை. ஆனால் காசு வேண்டாத ஓட்டத்தையாவது நாம் எல்லோருக்கும் விட்டுவைத்தோமா?

பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாக சரித்திரம் இல்லை. எங்கள் பாஷையில் அது வாராக்கடன். மைதானம் இருந்தால் அது மாவட்டம், மாநிலம் என்று மெடல் கொண்டுவரும் பத்துப் பேருக்கு. மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து கை தட்டணும். அதே பிள்ளைகளிடம்தான் நாற்பது வயதில் டாக்டர் "தினமும் நடங்க" என்பார். "என்ன லாபம்" என்ற கேள்வி சும்மா கேட்கும் கேள்வி இல்லை நண்பர்களே. யாருக்கு மைதானம், யாருக்கு வேடிக்கை என்று பிரித்து வைப்பதே அதுதான்.

நான் கேட்பது அயர்ன்மேன் இல்லை. நம் விளையாட்டு விழாக்களில் 1500 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவது ஆள் வந்ததுமே ரிப்பனைச் சுருட்டிவிட்டு அடுத்த அயிட்டத்தை மைக்கில் அறிவிக்கிறார்களே, அதை நிறுத்துங்கள். கடைசியாக வருகிறவனும் ஓடித்தான் வருகிறான். அவன் வரும்வரை ரிப்பன் இருக்கட்டும்.